பிளிமத் குடியேற்றம், 1627: நாலு வயதுச் சிறுமியின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்?

தாழ்வாரம் கேட்டது:

வணக்கம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதை ஒன்றுக்குத் தகவல் வேண்டும். களம் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றம், ஆண்டு 1627. கதையின் மையம் நாலு வயதுச் சிறுமி. வீட்டில் அவளுக்குப் பிறந்து ஒரு மாதமான தம்பி. ஓவியரின் முதல் வரைவில் எல்லோருக்கும் கறுப்பு உடை, தொப்பியில் வெள்ளிக் கொக்கி, உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய வீடு, கண்ணாடிச் சன்னல், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள், சிறுமி கையில் ஒரு குவளைப் பால்.

சரியா தப்பா என்பதோடு, அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொன்னால் அப்படியே ஓவியரிடம் கொடுத்துவிடலாம். அவள் என்ன உடுத்தினாள், என்ன சாப்பிட்டாள், பகலில் என்ன வேலை, எதனால் ஆபத்து, எங்கே படுத்தாள்? 'ரொம்பக் கஷ்டமான வாழ்க்கை' என்று பொதுவாகச் சொல்லும் கட்டுரைகள் நிறையக் கிடைத்துவிட்டன. பொருள், அளவு, காரணம் இவைதான் தேவை.


பழந்துணி எழுதியது:

துணியைப் பற்றி நான் சொல்கிறேன். வீடு, சாப்பாடு பற்றி அடுப்படி வந்து எழுதுவார்.

கறுப்பை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். வெளுக்காத நல்ல கறுப்புச் சாயம் ஏற்றுவது அன்றைக்குச் செலவு பிடித்த காரியம். கறுப்பு என்பது வசதியானவர்களின் விசேஷ உடை. பிளிமத்தில் இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்கள் பதிவேடுகளில் இன்றும் இருக்கின்றன. 1631-இல் இறந்த மேரி ரிங் என்ற விதவையின் பட்டியலில் ஊதாப் பாவாடையும் சிவப்புப் பாவாடையும் உண்டு. திருச்சபையின் மூப்பர் வில்லியம் ப்ரூஸ்டர் 1644-இல் இறந்தபோது ஊதாக் கோட்டும் பச்சை உள்கால்சட்டையும் விட்டுப் போனார். மூப்பரே ஊதாவில் திரிந்தால் குழந்தைக்கு எதற்குக் கறுப்பு? மஞ்சிட்டி வகைச் சிவப்பு, நீலம், காவி, சாம்பல் நிறம், சாயம் போடாத கம்பளியின் பழுப்பு வெள்ளை, இவைதான் ஓவியரின் வண்ணங்கள். குழந்தை உடுப்பு பெரும்பாலும் பெரியவர்களின் பழைய உடையை வெட்டித் தைத்தது. அதனால் ஒரே பாவாடையில் இரண்டு நிறத் துணி சேர்ந்திருந்தாலும் பொருத்தமே. கொக்கி தொப்பியிலும் கிடையாது, செருப்பிலும் கிடையாது. செருப்புக்கு நாடாவைக் கோத்துக் கட்டினார்கள். இடது, வலது என்ற பேதமே இல்லாமல் இரண்டு பாதத்துக்கும் ஒரே அச்சு.

சிறுமிக்கு உடலோடு ஒட்டி லினன் உள்ளங்கி. இரவிலும் அதுதான். அதன்மேல் கம்பளிப் பாவாடையும் மேலங்கியும், முன்னால் ஏப்ரன், தலையில் காதை மூடித் தாடைக்குக் கீழே முடிச்சிட்ட லினன் குல்லாய். பின்னிய காலுறை, அது நழுவாமல் முழங்காலுக்குக் கீழே ஒரு நாடாக் கட்டு. பக்கத்து வீட்டில் நாலு வயதுப் பையன் இருந்தால் அவனுக்கும் ஏறக்குறைய இதே உடைதான். ஆண் பிள்ளைகளும் ஆறு ஏழு வயதுவரை பாவாடைதான் கட்டினார்கள். நாடாவும் முடிச்சுமாக இருந்த அந்தக் காலத்துக் கால்சட்டையைச் சின்னக் குழந்தையால் அவசரத்துக்கு அவிழ்க்க முடியாது. பாவாடையென்றால் தூக்கிக்கொண்டு உட்காரலாம். கீழ் ஓரத்தில் மடிப்புத் தையல் போட்டுவைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

இப்போது ஒரு மாதத் தம்பி. அவன் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடப்பதாக வரைந்தால் தப்பு. பிறந்த நாளிலிருந்தே குழந்தையைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். முதலில் முன்பக்கம் திறந்த மெல்லிய லினன் சட்டை. அடுத்து, சதுரத் துணியை மடித்து இடுப்பில் அணையாடை. பிறகு மார்பு முதல் பாதம்வரை ஒரு பெரிய துணியைச் சுற்றி, பாதத்துக்குக் கீழே மிஞ்சியதை மேலே மடித்துவிடுவார்கள். கடைசியாகக் கட்டுத்துணி. இரண்டு மூன்று விரல் அகலமும் ஆள் உயரத்தைத் தாண்டிய நீளமும் கொண்ட லினன் பட்டை அது. தோளில் தொடங்கி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி சாய்வாகக் கால்வரை கட்டுவார்கள். தலையில் இரண்டு அடுக்குக் குல்லாய். தலை துவளாமலிருக்கக் குல்லாயிலிருந்து தோள்பட்டைக்கு இன்னொரு பட்டை. நாலு முதல் ஆறு வாரத்தில் கைகள் வெளியே வரும். மூன்று மாத வாக்கில் கட்டை விட்டுப் பாதத்தைத் தாண்டித் தொங்கும் நீள அங்கிக்கு மாறுவார்கள். கதை நடக்கும் நாளில் தம்பி முழுக் கட்டில் இருப்பான், முகம் மட்டும் தெரியும்.

குழந்தையின் எலும்பு இளக்கமானது, கட்டி வைத்தால்தான் நேராக வளரும் என்று நம்பினார்கள். குளிருக்கும் அது உதவியது. ஆனால் மார்பில் இறுக்கிவிட்டால் மூச்சு முட்டும். ஈரம் உள்ளேயே தங்கினால் தோல் வெந்து புண்ணாகும். ஒரு நாளைக்குப் பல தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்பதே அன்றைய மருத்துவச்சிகள் சொன்ன முறை. சமையல், தோட்டம், தண்ணீர், துணி எல்லாம் ஒருத்தி தலையில் விழுந்த வீட்டில் அத்தனை தடவை நடக்காது. ஈரமான அணையாடையை ஒவ்வொரு தடவையும் துவைக்கவும் இல்லை. அடுப்போரம் காயப்போட்டுத் திரும்பக் கட்டினார்கள். மலம் பட்டதைத்தான் உடனே அலசினார்கள். பெரிய துவைப்பு எப்போதாவது ஒரு நாள், நம் ஊர் வெள்ளாவியை நினைத்துக்கொள்ளுங்கள்: துணியைத் தொட்டியில் அடுக்கி, விறகுச் சாம்பலில் வடித்த காரநீரைச் சுடச்சுட ஊற்றி வடியவிடுவது. அடுப்புப் பக்கத்தில் ஒரு கயிறும் அதில் நாலு துணியும் கட்டாயம் வரையுங்கள்.

தூளி கிடையாது. தலைமாட்டில் கூரை வைத்த ஆட்டும் தொட்டில்தான், மரத்திலோ பிரம்பிலோ. சந்துக் காற்று தலையில் படாமலிருக்கவே அந்தக் கூரை. பக்கப் பலகையின் குமிழ்களில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக் குழந்தை உருளாமல் கட்டுவார்கள். முதல் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பல் கேப் காட் துறைமுகத்தில் நின்றபோது, 1620 நவம்பரில், பிறந்தவன் பெரெக்ரின் வைட். அவனுடையதென்று சொல்லப்படும் பிரம்புத் தொட்டில் பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியருக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

நடை பழகும் குழந்தை படத்தில் வந்தால் தவழ விடாதீர்கள். தவழ்வது மிருகத்தின் நடை என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. தரையும் மண் தரை, குளிர், பக்கத்திலேயே திறந்த நெருப்பு. நடுவில் வட்டத் துளை போட்ட மர முக்காலிக்குள் குழந்தையை இடுப்பளவுக்கு இறக்கி நிறுத்திவிடுவார்கள். உட்காரவும் முடியாது, நகரவும் முடியாது. கால் ஓய்ந்தாலும் நின்றபடிதான். நடக்கும் குழந்தைக்குத் தலையைச் சுற்றித் துணியும் கம்பளியும் திணித்த வளையம் ஒன்று உண்டு. பார்க்கச் சும்மாடு மாதிரியே இருக்கும், நெற்றியில் அடிபடாமல் காக்க. அங்கியின் தோளில் தைத்த இரண்டு நீள நாடாக்களைப் பின்னாலிருந்து பெரியவர் பிடித்துக்கொள்வார்.


அடுப்படி எழுதியது:

பழந்துணி எனக்கு இடம் விட்டதற்கு நன்றி. வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

உருட்டு மர வீடு ஆங்கிலேயர் கட்டியதல்ல. அந்தக் கட்டுமானத்தை டெலவேர் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது 1638 முதல் வந்த ஸ்வீடன் நாட்டுக் குடியேறிகள். பிளிமத்தில் மண்ணில் நட்ட தடித்த மரத்தூண்கள், சட்டம், அதன்மேல் கோடரியால் பிளந்த பலகைகள். பெரும்பாலும் ஒரே அறை, மேலே பரண். கண்ணாடிக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் தடவிய காகிதம். குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், புதிதாக வருகிறவர்கள் சன்னலுக்குக் காகிதமும் ஆளிவிதை எண்ணெயும் கொண்டுவரட்டும் என்று கேட்டிருக்கிறார். வெளிச்சம் மங்கலாக வரும், வெளியே எதுவும் தெரியாது. சிறுமி சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு படம் இருந்தால் அவளை வாசற்படிக்கு மாற்றுங்கள்.

உங்கள் கதைக்கு நெருப்புதான் முக்கியம். ஆரம்பத்தில் கூரை புல் வேய்ந்தது. புகைபோக்கி மரச்சட்டத்தில் களிமண் பூசியது. வெப்பத்தில் களிமண் வெடித்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் மரம் நெருப்புக்கு நேராக நிற்கும். 1621 ஜனவரியில் ஒரு பொறி கூரைப் புல்லில் விழுந்து பொது வீட்டின் கூரையே எரிந்தது. உள்ளே ஆளுநர் கார்வரும் அவருக்குப் பின் ஆளுநரான பிராட்ஃபோர்டும் நோயில் படுத்திருந்தார்கள். 1623 நவம்பரில் மூன்று நாலு வீடுகள் பொருளோடு போயின. கடைசியில் 1627-இல், இனிமேல் கட்டும் வீட்டுக்குப் புல் கூரை கூடாது, பலகைதான் என்று குடியேற்றமே விதி போட்டது. உங்கள் கதை அதே ஆண்டு என்பதால் தெருவில் பழைய புல் கூரைகளும் புதுப் பலகைக் கூரைகளும் கலந்து இருக்கலாம்.

நாலு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து அடுப்புக்குள்ளேயே இருந்தது. புகைபோக்கியின் உள்ளே குறுக்காக ஒரு பச்சை மரக் கம்பைச் செருகி, அதில் கொக்கி போட்டு இரும்புப் பானையைத் தொங்கவிடுவார்கள். பச்சை மரம் ஏனென்றால் சீக்கிரம் தீப்பிடிக்காது. ஆனால் நாளடைவில் அது காய்ந்து, அடியில் கருகி, ஒரு நாள் பானையின் பாரம் தாங்காமல் முறியும். கொதிக்கும் கூழ் அப்படியே அடுப்போரத்தில் இருக்கிறவர்கள் மேல் கொட்டும். குளிர்காலத்தில் அடுப்போரத்தில் இருப்பது குழந்தைகள்தான். கம்பை அவ்வப்போது மாற்ற வேண்டும், மறந்தால் ஆபத்து. கம்பளிப் பாவாடையும் ஏப்ரனும் கணப்பில் உரசித் தீப்பிடிப்பது இன்னொன்று.

அடுத்தது தண்ணீர். பக்கத்து மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் பாஸ்டனில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். ஞாயிறு மாலை, சாப்பாடு முடிந்து, இரண்டு பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். திரும்பி வந்து அதே அறையில் ஒரு மணி நேரம் இருந்தும் கவனிக்கவில்லை. பிறகு தாய் படுக்கையைப் பார்த்தால் ஐந்து வயதுச் சின்னவள் இல்லை. நிலவறைக் கிணற்றில் செத்துக் கிடந்தாள். தகப்பன் முந்தின நாள் ஓய்வுநாள் தொடங்கிய பிறகும் ஒரு மணி நேரம் அணை வேலையைச் செய்ததற்குக் கடவுள் தந்த தண்டனையென்றே அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். மூடியில்லாத கிணறு வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பது நமக்கு உடனே கண்ணில் படுகிறது. அந்தத் தகப்பன் வாழ்நாள் முழுதும் எதை நினைத்து நொந்திருப்பான் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

பால் விஷயம். மேஃப்ளவரில் மாடு வரவில்லை. முதல் மாடுகள், மூன்று கிடாரியும் ஒரு காளையும், 1624-இல் வின்ஸ்லோ கொண்டுவந்தவை. அதற்கு முன் தாய்ப்பால் மறந்த குழந்தைக்குப் பசும்பால் என்ற பேச்சே இல்லை. 1627-க்கு உங்களுக்கு அருமையான ஆவணம் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் குடியேற்றத்தின் மாடுகளையும் ஆடுகளையும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். கூட்டத்துக்கு 13 பேர், மொத்தம் 12 கூட்டம். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கிறது. முதல் சீட்டு பிரான்சிஸ் குக்கின் கூட்டத்துக்கு விழுந்தது. கிடைத்தது நாலு கறுப்புக் கிடாரிகளில் ஆகச் சிறியதும் இரண்டு பெட்டை ஆடும். ஈனாத கிடாரி பால் தராது. ஈன்றாலும் பால் வசந்தத்திலும் கோடையிலும்தான், பனிக்காலத்தில் வற்றிவிடும். அதில் ஒரு பங்கு வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் போகும். கதை ஜூனில் நடந்தால் மரக் கிண்ணத்தில் கொஞ்சம் ஆட்டுப்பால் வரையலாம். ஜனவரியென்றால் வேண்டாம்.

அவள் சாப்பிட்டது மக்காச்சோளம், தினம் இரண்டு மூன்று வேளையும். குழிந்த மரக்கட்டையில் போட்டு இடித்து, பொடியைக் களியாகக் கிளறியோ, உடைத்த நொய்யைக் கூழாகக் காய்ச்சியோ தின்றார்கள். கூடவே பட்டாணி, அவரை, பூசணி, மீன், விலாங்கு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி. கரண்டியும் விரலும்தான், முள்கரண்டி கிடையாது. தட்டு சதுரமான மரப்பலகை, அதையும் இரண்டு பேர் பகிர்ந்தது உண்டு. மேசை என்பது கால்களின்மேல் வைத்த நீளப் பலகை, சாப்பிட்டபின் மடக்கி ஓரமாக வைப்பார்கள். வீட்டில் ஒரு நாற்காலி இருந்தால் அது வீட்டுத் தலைவருக்கு. மற்றவர்களுக்கு விசிப்பலகை, பெட்டி, முக்காலி. சின்னவர்கள் நின்றபடியே சாப்பிடுவது வழக்கம்.

இரவில் பெற்றோர் கட்டிலின் அடியிலிருந்து சக்கரம் வைத்த தாழ்ந்த கட்டிலை இழுத்து விரிப்பார்கள். வைக்கோல் திணித்த மெத்தை. உடன்பிறந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுப்பார்கள்.


கரையோரன் எழுதியது:

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். இணையத்தில் 'குடியேற்றக்காலக் குழந்தை' என்று தேடினால் வர்ஜீனியாவும் நியூ இங்கிலாந்தும் கலந்து வரும். வர்ஜீனியாவில் மலேரியாவும் சீதபேதியும் பெரியவர்களை வாரிக்கொண்டு போனதால், பெற்றோர் இருவரையும் இழந்து மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், மாமன் வீடு என்று கைமாறி வளர்ந்த குழந்தைகள் அங்கே மிக அதிகம். நியூ இங்கிலாந்தில் முதல் சில ஆண்டுகள் போனபின் குடும்பம் குடும்பமாக நீண்ட நாள் வாழ்ந்தார்கள். வர்ஜீனியாச் செய்திகளை இங்கே ஏற்றாதீர்கள். இங்கும் குழந்தைச் சாவு இல்லாமலில்லை. பாஸ்டன் போதகர் காட்டன் மேதருக்குப் பிறந்த 15 பிள்ளைகளில் இரண்டே பேர்தான் அவருக்குப் பின் உயிரோடிருந்தார்கள்.

இரண்டாவது, ஞானஸ்நானக் காட்சி வைத்தால் எடுத்துவிடுங்கள். பிளிமத்தில் 1629-இல் ரால்ஃப் ஸ்மித் வரும்வரை சபைக்குத் தனிப் போதகர் இல்லை. ப்ரூஸ்டர் மூப்பர் மட்டுமே, அவர் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார். 1627-இல் பிறந்த தம்பியைத் தொட்டியருகே நிறுத்த வழியில்லை.

பாஸ்டன் என்றதும் நம் வாசகர்களுக்காக ஒன்று. எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பழந்துணி எழுதிய கட்டுத்துணியும் பாவாடையும்தான் அவருடைய பாஸ்டன் நாட்களின் உடையாக இருந்திருக்கும். அவர் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். அவருடைய மகன் டேவிட் நாலு வயது நிறையுமுன் இங்கே இறந்தான். அவன் நினைவுத் தூண் சென்னைப் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுப்பப்பட்டது.


தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. கறுப்பு, கொக்கி, கண்ணாடி மூன்றும் போயாச்சு. கதையை ஜூனுக்கு மாற்றிவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. பகலில் நாலு வயதுக் குழந்தைக்கு என்ன வேலை? பிள்ளைகளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று படித்தேன், அவ்வளவு சின்ன வயதிலா? அப்புறம் அவள் பள்ளிக்குப் போனாளா, தன் பெயரை எழுதுவாளா?


ஏட்டுக்கட்டு எழுதியது:

முதல் இரண்டுக்கு நான் பதில் சொல்கிறேன்.

1623-இல் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுத்தபின் பெண்கள் தாங்களாகவே வயலுக்குப் போனார்கள், சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சோளம் ஊன்றினார்கள் என்று பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். ஆகவே சிறுமியை வயலில் வையுங்கள். உழுத சால் வரையாதீர்கள். மண்ணைக் குவித்துச் சிறு சிறு மேடுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஹெர்ரிங் மீனை உரமாகப் புதைத்து விதை ஊன்றும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பட்டுக்ஸெட் என்ற பூர்வகுடி ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம். மீன் மக்கும்வரை இரண்டு வாரம் காவல் வேண்டும், இல்லாவிட்டால் ஓநாய் வந்து தோண்டிவிடும். ராக்காவல் பெரியவர்களுக்கு. பகலில் காக்காய் விரட்டுவது பிள்ளைகளுக்கு. ஜூனில் பயிர் முளைத்து நிற்கும், களை பறிக்கும் நேரம். நாலு வயதுக்காரி சுள்ளி பொறுக்குவாள், கதிரிலிருந்து மணி உதிர்ப்பாள், தொட்டில் ஆட்டுவாள், தாய்க்குச் சிப்பிக் கூடை பிடிப்பாள். ஐந்து ஆறு வயதில் காலுறை பின்னக் கற்றுக்கொள்வாள். மாசசூசெட்ஸின் 1642-ஆம் ஆண்டுச் சட்டம், மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது, நூல் நூற்பது, பின்னுவது, நாடா நெய்வது என்று கூடவே ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்றது.

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: அவள் ஆங்கிலக் குழந்தைகளை மட்டும் பார்த்து வளரவில்லை. பொகானோக்கெட் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஹோபமாக் 1621 முதல் குடும்பத்தோடு பிளிமத்தை ஒட்டியே குடியிருந்தார். குடியேற்றம் நின்ற இடமே அந்தப் பட்டுக்ஸெட் ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அதன் மக்கள் அழிந்தார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகள் காட்டை வெட்டித் திருத்திய மண்ணில் விளையாடவில்லை, இன்னொருவர் பயிரிட்ட வயலில் விளையாடினார்கள்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பது உண்மை. வழக்கமாக ஏழு வயதுக்கு மேல்தான், தொழில் கற்கவோ வேலைக்கோ. ஆனால் வறுமை இருந்தால் அதற்கு முன்பும் நடந்தது. பிளிமத்தின் 1641-ஆம் ஆண்டு விதிப்படி, ஊர் உதவியில் வாழ்பவர்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் ஊரே அவர்களை வேலைக்கு வைக்கலாம். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரான்சிஸ் பில்லிங்டனின் மகன் ஜோசப், ஐந்து வயது வாக்கில், ஜான் குக் வீட்டில் ஒப்படைக்கப்பட்டான். அவன் திரும்பத் திரும்பத் தன் வீட்டுக்கே ஓடிவந்தான். 1643-இல் நீதிமன்றம் போட்ட உத்தரவு இன்றும் பதிவேட்டில் இருக்கிறது: இனி அவன் எஜமானின் அனுமதியில்லாமல் வந்து பெற்றோர் அவனை வீட்டில் ஏற்றால், தகப்பன் பிரான்சிசையும் தாய் கிறிஸ்டியனையும் பிரசங்க நாள்தோறும், காலைப் பூட்டும் மரச்சட்டமான தொழுக்கட்டையில் மாட்டி உட்காரவைக்க வேண்டும். தாயிடம் ஓடிவந்த ஐந்து வயதுப் பிள்ளையைக் கதவைத் திறந்து உள்ளே விட்டதற்குத் தண்டனை தொழுக்கட்டை. இந்தப் பிரான்சிஸ் பதின்பருவத்தில் மரமேறிப் பார்த்துக் கண்டுபிடித்த ஏரிக்கு இன்றும் பில்லிங்டன் கடல் என்றுதான் பெயர்.

இதைவிடக் கொடியது மோர் குடும்பத்துப் பிள்ளைகள் கதை. ஷ்ராப்ஷையரைச் சேர்ந்த சாமுவேல் மோர், மனைவிக்குப் பிறந்த நாலு பிள்ளைகளும் தன் பிள்ளைகள் இல்லை என்று முடிவு செய்து, அவர்களைத் தாயிடமிருந்து பிரித்து மேஃப்ளவரில் ஏற்றிவிட்டார். எலினருக்கு 8, ஜாஸ்பருக்கு 7, ரிச்சர்டுக்கு 5 முடியும் தறுவாய், மேரிக்கு 4. ஏழு ஆண்டு வேலை முடிந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்பது ஒப்பந்தம். எலினர் வின்ஸ்லோவிடம், ஜாஸ்பர் கார்வரிடம், மற்ற இருவரும் ப்ரூஸ்டரிடம். முதல் குளிர்காலத்திலேயே மூன்று பேர் இறந்தார்கள். ரிச்சர்ட் மட்டும் பிழைத்தான். அடுப்படி சொன்ன 1627 மாட்டுப் பிரிவினைப் பட்டியலில் ப்ரூஸ்டர் வீட்டாரோடு அவன் பெயர் இருக்கிறது, 12 வயது. உங்கள் சிறுமி அவனைத் தெருவில் பார்த்திருப்பாள். கதையில் அவனுக்கு ஒரு சட்டகமாவது கொடுங்கள்.


பழந்துணி மறுபடி எழுதியது:

அடுப்படியின் பதிலில் ஒரு திருத்தம். சின்னவர்கள் நின்று சாப்பிட்டதை எல்லா வீட்டுக்கும் பொது விதியாக்க வேண்டாம். இருக்கை போதாதபோது நின்றார்கள். முக்காலி காலியாயிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். ஓவியருக்கு இரண்டும் சரியே.

படிப்பு. 1627-இல் பிளிமத்தில் பள்ளிக்கூடம் இல்லை. குறை சொன்னவர்களுக்கு 1624-இல் பிராட்ஃபோர்டே பதில் எழுதினார்: தகுந்த ஆளும் வசதியும் இல்லாததால் பொதுப் பள்ளி இல்லை, ஆனால் பெற்றோர் தங்களால் முடிந்தவரை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று. 50 குடும்பம் உள்ள ஊர் ஆசிரியர் வைக்க வேண்டும் என்ற 1647 சட்டம் மாசசூசெட்ஸ் விரிகுடாவுடையது, பிளிமத் அப்போது தனிக் குடியேற்றம்.

வீட்டில் எழுத்தைத் தொடங்குவது நாலைந்து வயதில். இங்கிலாந்திலிருந்து வந்த கருவி, கைப்பிடி வைத்த ஒரு சின்ன மரப்பலகை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் ஒரே ஒரு அச்சிட்ட தாள். அழுக்கு விரலில் கிழியாமலிருக்க அதன்மேல் கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கொம்புத் தகடு, ஓரத்தில் பித்தளைப் பட்டை, சின்ன ஆணிகள். முதல் வரியில் சிலுவைக் குறி, பிறகு அகரவரிசை. அன்றைக்கு 24 எழுத்துதான் கணக்கு, ஐயும் ஜேயும் ஒன்று, யூவும் வீயும் ஒன்று. அடுத்து அசைகள். நம் உயிர்மெய் வரிசை போலவே 'பா, பே, பி, போ, பு' என்று ஓதுவது. கீழே கர்த்தர் கற்பித்த ஜெபம். எழுத்தின் பெயரைச் சொல்லி, அசை கூட்டி, சொல்லைச் சேர்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். தாய் தறுவாய் பார்த்து, களி கிளறிக்கொண்டோ துணி தைத்துக்கொண்டோ கேட்பாள். பலகை முடிந்தால் நேரே சங்கீதமும் வேதாகமமும். அவர்கள் வைத்திருந்தது பெரும்பாலும் ஜெனீவாப் பதிப்பு.

ஓவியர் அவள் கையில் இறகுப் பேனாவைக் கொடுத்திருந்தால் வாங்கிவிடுங்கள். படிப்பதும் எழுதுவதும் அன்றைக்கு வேறு வேறு வித்தை. வேதம் ஒவ்வொரு ஆத்துமாவுக்கும் தேவை என்பதால் படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும், அதைச் சொல்லிக்கொடுப்பது பெண்களே. எழுத்து தொழிலுக்கு என்று நினைத்தார்கள். பேனா சீவ, மை கலக்க, காகிதம் வாங்கச் செலவு. ஏழு வயதுக்கு மேல், ஆணாசிரியரிடம், பெரும்பாலும் பையன்களுக்கு. எலிசபெத் டில்லி பதின்மூன்று வயதில் மேஃப்ளவரில் வந்து, அந்த முதல் குளிர்காலத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவள். ஜான் ஹவ்லண்டை மணந்து நெடுநாள் வாழ்ந்தாள். 1686-இல் எழுதிவைத்த உயிலில் தன் வேதாகமத்தையும் கனமான இறையியல் நூல்களையும் யார் யாருக்கு என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். அதே உயிலின் அடியில் கையெழுத்து இல்லை. 'ஈ ஹெச்' என்று இரண்டெழுத்துக் குறிதான் இருக்கிறது.